பதினேழாம் பக்கத்தில் இல்லாத வரி

ஆபீசர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். அக்கா சொன்னதை அடித்துவிட்டு, அவள் சொல்லாததை அச்சில் போட்டீர்கள். பிறகு கேட்க வந்தவர்களிடம், அந்த அம்மா சொன்னபடிதான் எழுதினேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். இதை நான் சாடையாகச் சொல்லப் போவதில்லை. எனக்குச் சாடையாகப் பேச வராது.

என் மடியில் இப்போது அந்தப் புத்தகம் இருக்கிறது. நான்காம் பதிப்பு. இன்னும் அச்சு மை வாசனை போகவில்லை. பச்சை அட்டையில் மேலே மலை, கீழே ஒரு கல்வம். எங்கள் வீட்டில் கல்வமே கிடையாது. அக்கா எந்த இலையையும் கல்வத்தில் போட்டு இடித்ததில்லை. அட்டையிலேயே தப்பு ஆரம்பித்துவிடுகிறது. பதினேழாம் பக்கத்தில் ஆடாதொடை. இருமல், நெஞ்சுச் சளி, இரைப்பு எல்லாவற்றுக்கும் நல்லது என்று போட்டிருக்கிறது. பக்கம் முடிகிற இடத்தில், ‘ஆண், பெண், சிறியோர், பெரியோர் யாவரும் அருந்தலாம்’ என்று ஒரு வரி. முதல் பதிப்பிலும் அதே வரிதான் இருந்தது. அந்த இடத்தில் உண்மையில் இருந்திருக்க வேண்டியது வேறொரு வரி. அக்கா சொல்லச் சொல்ல, அதை என் கையால் எழுதியவள் நான். எழுதினவள் உயிரோடுதான் இருக்கிறேன் என்பது ஆபீசருக்கு மறந்து போயிருக்கலாம்.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. குடும்பத்துக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் இருந்தது. அண்ணன் தம்பி இருவரும் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். பே கோபுரத் தெருவில் வாடகை வீடு. எமர்ஜென்சி வந்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குள் போனேன். அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன், அவள் நான்காம் வகுப்போடு நின்றவள். உதட்டை அசைத்து அசைத்துப் படித்துவிடுவாள், எழுதத்தான் வராது. நான் போன முதல் வாரமே, “உனக்கு எழுதத் தெரியும், எனக்கு அடுப்பு தெரியும், சண்ட போட்டுக்க இன்னா இருக்குது?” என்றாள். கடைசிவரை நாங்கள் சண்டை போட்டதில்லை. இதை ஓரகத்திகள் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவேண்டாம்.

அவள் வைத்தியர் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைத்தியர் என்று அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை, யாரிடமும் எதுவும் வாங்கிக்கொண்டதும் இல்லை. தெருவில் இருமல், தொண்டைக்கட்டு, செரியாத வயிறு என்று வருவார்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால், “ஆஸ்பத்திரிக்குப் போ, இங்க நிக்காத” என்று விரட்டிவிடுவாள். அவளிடம் இருந்தது ஒரு கைப்பக்குவம், அவ்வளவுதான். எந்த இலையிலிருந்து எதை, எவ்வளவு மெதுவாக இறக்குவது என்கிற பக்குவம். மெதுவாக என்பதுதான் அதில் முக்கியம். நன்னாரி வேரை அவள் அடுப்பில் ஏற்றவே மாட்டாள். கழுவி, லேசாகத் தட்டி, நடுவில் இருக்கும் கட்டை நரம்பை உருவி எறிந்துவிட்டு, மண்பானைத் தண்ணீரில் போட்டு மூடிவிடுவாள். மறுநாள் காலையில் தண்ணீர் செம்பட்டை நிறமாக இருக்கும், வீடெல்லாம் மணக்கும். காய்ச்சினால் அந்த வாசனை தெருவுக்குப் போய்விடும், நமக்குக் கசப்பு மட்டும் மிஞ்சும் என்பாள். துளசிக்கும் ஓமத்துக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கீழே இறக்கி, கொதி அடங்கின பிறகுதான் போடுவாள். போட்டதும் தட்டால் மூடிவிடுவாள். ஒரு அடுக்குப் பாத்திரத்தைக் கழுவி முடிக்கிற நேரம் திறக்கக் கூடாது. திறக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரை மறுபடி பாத்திரத்துக்குள்ளேயே சாய்த்துத் தட்டுவாள். நான் ஒருமுறை அதைக் கீழே உதறிவிட்டேன். “அடிப்பாவி, மருந்த தரைக்கு குடுத்துட்டு எலத்தண்ணிய எங்கிட்ட நீட்டறியா?” என்றாள்.

கரிசலாங்கண்ணியை நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரம் துளியும் இல்லை என்று காதருகே வைத்து நொறுக்கிப் பார்த்து, பிறகுதான் தேங்காயெண்ணெய் பாட்டிலில் போடுவாள். பாட்டில் வாயில் வெள்ளைத் துணி கட்டி மாடியில் வெயிலில் வைப்பாள். பத்துப் பதினைந்து நாள் தினமும் ஒருமுறை மேலே போய் பாட்டிலை அசைத்துவிட்டு வருவாள். அடுப்பில் காய்ச்சினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. கேட்டதற்கு, “குடுக்கறத அதுவா குடுக்கட்டும். நாம புடுங்கக் கூடாது” என்றாள். இந்தச் சொல்லை ஆபீசர் தன் முன்னுரையில் எடுத்துப் போட்டிருக்கிறார், மிக அழகான நடையில் மாற்றி. அதன் அர்த்தம் அவருக்கு இன்றுவரை ஏறவில்லை.

ஆடாதொடை எங்கள் தெருக்கோடி வேலியிலேயே வளர்ந்தது. ஆடு மாடு தொடாத செடி. அதன் இலை வீரியமானது. ஒரு ஆளுக்கு ஐந்து இலை, அதற்கு மேல் இல்லை. ஈரத்துணியால் துடைத்து, இட்லித் தட்டில் பரப்பி ஆவியில் வேக வைப்பாள். இலை நிறம் மாறித் தளர்ந்ததும் எடுத்து, சூட்டோடு மெல்லிய துணியில் முடிந்து பிழிவாள். அப்படிப் பிழிந்தால்தான் சாறு இறங்கும். பச்சையாகக் கசக்கினால் நாலு சொட்டுகூட வராது. சின்னக் கரண்டி அளவு சாறு, அதில் தேன், ஒரு பித்தளை டம்ளரில் வெந்நீர். மூன்று நாள். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

அந்தப் பித்தளை டம்ளரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இருமலோடு ஒரு பெண் வந்தால் அக்கா உடனே மருந்து எடுக்க மாட்டாள். கூடத்தில் புருஷனோ மாமியாரோ உட்கார்ந்திருப்பார்கள். “உள்ள வாம்மா, இந்தத் தட்ட ஒரு கை புடி” என்று அந்தப் பெண்ணை அடுப்படிக்குக் கூப்பிடுவாள். அடுப்புக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “தலைக்கு குளிச்சு எத்தினி நாளாச்சு?” நாள் தள்ளியிருந்தால், ஒரே ஒரு நாள் தள்ளியிருந்தாலும், ஆடாதொடை கிடையாது. அது கர்ப்பப்பையை முடுக்கிவிடும், வயிற்றில் தங்கியிருப்பதை அசைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கிடையாது என்று கூடத்தில் வந்து சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடியும்வரை ஒரு பெண் தன் வயிற்றில் இருப்பதை வெளியில் சொல்ல மாட்டாள். மாமியாரிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. இவளுக்கு மட்டும் மருந்து இல்லை என்றால் கூடத்தில் இருக்கிறவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அதனால் அக்கா அவளுக்கும் அதே பித்தளை டம்ளரில்தான் கொடுப்பாள். உள்ளே சீரகம் போட்ட வெந்நீரும் பனங்கற்கண்டும் இருக்கும். வெளியில் இருப்பவர்களுக்கு எல்லா டம்ளரும் ஒன்று. உள்ளே என்ன என்பது அந்த இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரியும். பிறகு எனக்கும் தெரியும்.

ஒருமுறை இலையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே, “என்னை யாரும் கேக்கல” என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் புரிந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் இருந்தபோது இரண்டு மாதத்தில் ஒன்று கலைந்துபோய், அதன் பிறகு தங்கவே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். யார் கேட்காமல் என்ன கொடுத்தார்கள் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருடம் ஆபீசர் வந்தார். பட்டணத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் ஆபீசர்தான். மார்கழிப் பனியில் இருமல் பிடித்து, என் வீட்டுக்காரர் சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று நாள் சாறு குடித்தார். அடங்கிவிட்டது. அடங்கினதும் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. “அம்மா, இதெல்லாம் உங்களோட போயிடக் கூடாது. புஸ்தகமா போடறேன்” என்றார். அக்கா சிரித்தாள். “நான் எங்கயும் போவலயே ஐயா” என்றாள். ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அவளைவிடச் சந்தோஷம். என் கையெழுத்து அச்சாகப் போகிறது என்று தெருவெல்லாம் சொன்னேன்.

அடுத்து வந்த கோடை முழுக்க மதியத்தில் வருவார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். அக்கா அடுப்படி நிலைப்படியில் நின்று சொல்வாள், நான் நடுவில் தரையில் உட்கார்ந்து ஒரு நீள நோட்டில் எழுதுவேன். அவர் நோட்டை வாங்கிப் படித்துச் சிவப்புப் பென்சிலால் திருத்துவார். இடையில் யாராவது மருந்துக்கு வந்தால் எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனிப்பார். ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், எல்லாருக்கும் அதே பித்தளை டம்ளர் வெளியே வந்தது. அவர் பார்த்தது அவ்வளவுதான். அடுப்படிக்குள் என்ன நடந்தது என்பதை அவர் பார்த்திருக்க முடியாது. அதற்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பார்க்க முடியாததை அவருக்கு வாயால் சொன்னோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஆடாதொடைக்கு வந்த அன்று அக்கா, நிலைப்படியில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தபடி, அந்தக் கேள்வியையும் சொன்னாள். ஒரு வெளி ஆண் முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ஆனாலும் சொன்னாள். நான் எழுதினேன்: ‘பெண்களுக்குக் கொடுக்கும் முன் தலைக்குக் குளித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்க வேண்டும். நாள் தள்ளியிருந்தால் கொடுக்கவே கூடாது.’ ஆபீசர் படித்தார். முகம் சுளித்தது. சிவப்புப் பென்சிலால் இரண்டு வாக்கியத்தையும் ஒரே கோட்டில் அடித்தார்.

“இது வேணாம்மா. இது நாலு பேர் சபையில படிக்கப் போற புஸ்தகம். ஆசிரமத்துக்கு வர்றவங்க வாங்குவாங்க, வெளிநாட்டுக்காரங்க வாங்குவாங்க. குளிக்கிறது, நாள் தள்றது... இதெல்லாம் உங்க பொம்பளைங்க பேச்சு.”

“பொம்பளைங்களுக்குத்தான ஐயா சொல்றேன்” என்றாள் அக்கா.

“அப்ப கர்ப்பிணின்னு போடுங்க சார்” என்றேன் நான்.

“கர்ப்பிணின்னு ஊருக்கே தெரிஞ்சவளுக்கு யாரு போய்க் குடுக்கப் போறா? தெரியாதவளத்தான கேக்கணும்?” என்று அக்கா என்னைத் திருப்பிக் கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. எஸ்.எஸ்.எல்.சி. படித்த எனக்கு அது தோன்றவில்லை.

“நான் பார்த்து நல்ல வார்த்தையா போட்டுடறேம்மா. என்கிட்ட விடுங்க” என்றார் ஆபீசர். விட்டோம். நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டோம்.

ஐப்பசியில் புத்தகம் வந்தது. அவரே கொண்டுவந்து ஒரு பிரதி கொடுத்தார், பழத்தட்டோடு. அக்கா முதலில் அட்டையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினேன். ஆடாதொடையில் ஐந்து இலை ஒரு கைப்பிடி ஆகியிருந்தது. ஆவியும் இல்லை, துணியும் இல்லை. எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை காய்ச்ச வேண்டுமாம். மூன்று நாள் ஏழு நாளாகியிருந்தது. அதிகப் பலன் கிடைப்பதற்காம். “அஞ்சு எல போதும்னு சொன்னா செடியையே மொட்ட அடிக்கச் சொல்றாரே. இருமல விரட்டறாரா, ஆள விரட்டறாரா?” என்று அக்கா சிரித்தாள். கடைசி வரியைப் படித்தேன். யாவரும் அருந்தலாம். சிரிப்பு நின்றுவிட்டது. “இன்னொரு தபா படி” என்றாள். படித்தேன். “கேக்கணும்கறது எங்க?” என்றாள். இல்லை என்றேன். நல்ல வார்த்தையாகப் போடுகிறேன் என்றவர் போட்ட நல்ல வார்த்தை அதுதான்.

மறுநாள் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனேன். ஆபீசர் நன்றாகத்தான் வரவேற்றார், காபி கொடுத்தார். கடைசி வரியைக் காட்டினேன். “அது ஒரு சம்பிரதாயமான வாக்கியம்மா. எல்லா மருந்துக்கும் கடைசியில போடறது. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்” என்றார். ஒரு சின்னத் தாளில் அந்த எச்சரிக்கையை அச்சடித்து ஒட்டலாமே என்றேன். “இன்னாம்மா, கல்யாணப் பத்திரிகைல முகூர்த்தம் மாறிப்போச்சுன்னு சீட்டு ஒட்டற மாதிரியா?” என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார். பெரிய மனிதர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

நடந்ததைக் கேட்ட அக்கா, “உனக்கு எழுதத் தெரியும்ல? கடைக்குப் போய் எல்லா புஸ்தகத்துலயும் எழுதிடலாம் வா” என்றாள். நான் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அதற்குள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். சன்னதித் தெருவில் புத்தகமும் சாமி படமும் விற்கும் கடைக்குப் போனோம். பச்சை அட்டைப் புத்தகம் பலகையில் அடுக்கி வைத்திருந்தது. நான் பேனாவைத் திறந்து, ‘யாவரும்’ என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுத ஆரம்பித்தேன். அக்கா மை காய ஊதி ஊதி அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு புத்தகம் எழுதியிருப்பேன். கடைக்காரர் பார்த்துவிட்டார். “இன்னா தாயி, புது சரக்குல கிறுக்கறீங்க? யாரு வாங்குவா இத?” என்று கையிலிருந்ததைப் பிடுங்கினார். அக்கா, “இதுதாங்க மருந்து. மத்ததெல்லாம் எலத்தண்ணி” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே இன்னும் பிரிக்காத கட்டு இருந்தது, கண்ணால் பார்த்தேன். மறுநாள் வந்து கடைக்காரரிடம் பொறுமையாகச் சொல்லி எழுதலாம் என்று பேசிக்கொண்டே திரும்பினோம். மறுநாள் போகவில்லை. தீபம் நெருங்கிவிட்டது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது, இட்லிக்கு அரைக்கவே பொழுது போதவில்லை. இது என் தப்பு. ஆபீசரைக் கேட்கிற கேள்வியிலிருந்து நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஆனால் நான் மறந்தது ஒரு வாரம். அவர் பத்து வருடமாக மறந்திருக்கிறார்.

தீபத்துக்கு வந்த கூட்டத்தில் அந்தக் கட்டு விற்றுப் போனது. கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு ஒன்று வாங்கிப்போனார். மார்கழியில் அவருடைய மனைவிக்கு இருமல். இருபது வயதுப் பெண். புத்தகத்தில் போட்டபடி ஒரு கைப்பிடி இலையைக் காய்ச்சி வற்றவைத்து ஏழு நாள் குடித்தாள். அவளுக்கு இரண்டு மாதம் தாண்டிப் பத்து நாள். யாரிடமும் சொல்லவில்லை. புத்தகம் அவளைக் கேட்கவில்லை. கலைந்துவிட்டது. காரணம் இந்த மருந்துதான் என்று ஆஸ்பத்திரியில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த ஒரு கேள்வி அச்சில் இருந்திருந்தால் அவள் டம்ளரைக் கீழே வைத்திருப்பாள். இதற்குச் சத்தியம் பண்ணுவேன்.

தை மாதம் ஒரு காலையில், தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில், அந்தப் பெண்ணின் மாமியார் பஸ் பிடித்து வந்துவிட்டார். முன்னுரையில்தான் தெருவும் எங்கள் கடையும் போட்டிருந்ததே. குடங்கள் வரிசையில் நிற்க, அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி கத்தினார்.

“எவடி இங்க மருந்து குடுக்கறவ? வெளிய வாடி!”

அக்கா ஈரக்கையோடு வெளியே வந்தாள். “நான்தாம்மா.”

“ஏழு நாளு குடிச்சாடி என் மருமவ. நீ சொன்ன மாதிரியே குடிச்சா. உண்டாயிருக்கறான்னு எங்களுக்கே தெரியாது. எல்லாம் போச்சு. நீ நல்லா இருப்பியா?”

“நான் கேக்காம யாருக்கும் குடுத்ததில்லம்மா.”

“இன்னாத்த கேட்ட? யாவரும் குடிக்கலாம்னு போட்டிருக்குதே, பொய்யா? நீ ஒண்ண பெத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்!”

நான் குறுக்கே பாய்ந்தேன். “அத அக்கா சொல்லலங்க. அது ஆபீசர் போட்டது!” என்றேன்.

“ஆபீசரு படிச்சவரு. அவரு எதுக்கு இல்லாதத போடறாரு?” என்றார் அந்த அம்மா. குழாயடியில் நின்ற பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் நான்கு பேரையாவது அக்கா அடுப்படிக்குக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். சொன்னால், எப்போது கேட்டாள், அப்போது உனக்கு என்ன என்று அடுத்த கேள்வி வருமே. நிரம்பிய குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா அழுதுகொண்டு மண்ணில் உட்கார்ந்தபோது, அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மா தட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் ஆபீசரிடம் போனார்கள். அவர் கேட்டைக்கூட முழுதாகத் திறக்கவில்லையாம். “அந்த அம்மா சொன்னபடிதான் எழுதினேன். இந்த விஷயத்துல நான் வெறும் எழுத்தர்தான்” என்றாராம். நோட்டைக் கேட்டு நானே இரண்டு முறை போனேன். முதல் முறை அச்சகத்தில் இருக்கிறது என்றார். இரண்டாம் முறை தொலைந்துவிட்டது என்றார். சிவப்புப் பென்சில் கோடு இருக்கிற நோட்டு தொலையாமல் என்ன செய்யும்?

அக்கா நிறுத்திவிட்டாள். மாடியிலிருந்த எண்ணெய் பாட்டில்களைக் கொண்டுவந்து விளக்குக்கு ஊற்றினாள். யாராவது வாசலில் இருமினால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். என் மகளுக்குச் சளி பிடித்தபோது துளசித் தண்ணீராவது போடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். “ஆஸ்பத்திரிக்கு இட்னு போ” என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு வரவேண்டிய கோபமெல்லாம் எனக்கு வந்தது. மற்ற தெருக்காரர்கள் அவள் பெயரைச் சொல்வதை விட்டு, ‘அந்தக் கலைச்ச அம்மா’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் காதிலேயே விழுந்திருக்கிறது. கேட்காத மாதிரி கறிகாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். இந்த வருடம் பங்குனியில் போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டிலும் அந்தப் பெயர் என் காதில் விழுந்தது.

ஆடியில் நான்காம் பதிப்பு. ஆபீசரின் புது முன்னுரை இது: ‘மறைந்த அந்த அம்மையாரின் வாய்மொழியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அளித்துள்ளேன்.’ அவள் மறைந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. செத்தவள் வந்து மறுத்துப் பேச மாட்டாள் என்பதும் தெரிந்திருக்கிறது. இந்த முன்னுரையைப் படித்துவிட்டுத்தான் நான் பேனாவை எடுத்தேன். அதுவரை, அக்கா வேண்டாம் என்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது என்னை அடக்க அவள் இல்லை. புத்தகமோ மறுபடி கடைக்குக் கடை தொங்குகிறது. இருமுகிற ஏதோ ஒரு பெண், யாரிடமும் இன்னும் சொல்லாத ஒரு பெண், அதைப் பிரித்து வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள். அவளை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆபீசர் ஐயா, அடுத்த மாதம் உங்களுக்குப் பாராட்டுக் கூட்டமாம். சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நானும் வருகிறேன். என்னைத் தனியாக வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். ஐந்தாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பவும் வேண்டாம். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து, குழாயடியில் நின்ற அத்தனை பேரும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். ‘யாவரும் அருந்தலாம்’ என்று என் அக்கா என்றைக்குச் சொன்னாள்? யார் முன்னால் சொன்னாள்? அவள் சொல்லவில்லை என்றால், அதை எழுதியது யார்?